பத்து டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்தேன். போன் வரவில்லை.

மார்ச் 4, புதன்

முதலில் பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சின்ன சுவிட்ச்), அப்புறம்தான் டைமிங் (ஸ்பார்க் எந்தக் கணத்தில் அடிக்க வேண்டும் என்பது). இந்த வரிசையை மாற்றவே கூடாது. பாயிண்ட் இடைவெளி கூடினால் அது சீக்கிரமே திறந்துகொள்ளும், ஸ்பார்க் முன்னால் போய்விடும். குறைந்தால் பின்னால் தள்ளிப்போகும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் வைத்ததெல்லாம் வீண்.

பழைய பாயிண்டில் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு ஒரு மேடு. இதில் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டு அளந்தால் கிடைப்பது பொய்க் கணக்கு. புதிது மாட்டி 0.40 மி.மீ. வைத்தாயிற்று. தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், இழுபறி கூடாது. பாயிண்டைத் தள்ளித் திறக்கும் காமில் ஒரு துளி கிரீஸ். துளிதான். கூடினால் பாயிண்டில் தெறித்துக் கருகும்.

அண்ணி பேசினார். அண்ணனின் ரிப்போர்ட் நாளைக்குத் தெரிந்துவிடும் என்கிறார்களாம். நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.

மார்ச் 5, வியாழன்

எந்த நாளை?

மார்ச் 6, வெள்ளி

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். எரிய ஒரு தடவை, புகையைத் தள்ள ஒரு தடவை. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்கின் முனைப் புல்லியில் உச்சியைக் காட்டும் குறிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டு தடவையும் நேராக வந்து நிற்கும். அதனால் ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சுற்றினேன். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன், அதாவது எரிய வருகிற தடவை. டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) கேப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சுழலும் ரோட்டாரும் ஒன்றாம் நம்பர் ஒயரைத்தான் காட்டியது. சரி.

ஸ்பார்க்குக்கு வோல்டேஜைக் கூட்டும் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு சின்ன பல்ப். பாயிண்ட் மூடியிருக்கும்வரை எரியாது. திறக்கிற அந்தக் கணத்தில் எரியும். ஸ்பார்க் அடிக்கிற இடமும் அதுதான்.

நடுவில் அண்ணன் போன். குரல் கம்மிக் கிடந்தது.

"வாக்குவம் குழாயைக் கழட்டி அடைச்சியா?"

"இன்னும் லைட்டே பிடிக்கலண்ணா. பல்ப்லதான் பாக்குறேன்."

"பின்னால சுத்தி நிறுத்தாத. செயின்ல தொய்வு இருக்கும். குறியைத் தாண்டிட்டா நல்லா பின்னால போய்ட்டு, மறுபடி முன்னால வந்து நிறுத்து."

அவ்வளவுதான் பேசினான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்றாம் நம்பர் ஸ்பார்க் அடிக்கும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்தேன். வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்தாயிற்று, இல்லாவிட்டால் எஞ்சினின் உறிஞ்சல் டைமிங்கை மாற்றிவிடும் (சொல்ல வேண்டும் அவனிடம்). சுற்றுகிற புல்லி லைட்டின் வெட்டொளியில் அப்படியே நின்றுவிடுகிறது. சாக்பீஸ் தடவிய கோடு உச்சிக்கு முன்னால் பத்து டிகிரியில், கையேடு சொல்கிற அதே இடத்தில். ஃபேன் கூட மெல்ல நகர்வது போலத்தான் தெரிகிறது. கையை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டிதான் சரியில்லை. பிக்கப் இல்லை. சைலன்சர் பக்கம் சூடு அதிகம். ஸ்பார்க் தாமதமாக வருகிற எஞ்சினின் லட்சணம் இது. பத்து என்று காட்டுவது பத்துதானா?

மார்ச் 9, திங்கள்

டைமிங்கை காதாலேயே வைத்துவிடுவேன் என்கிறவர்களைக் கண்டால் எரிச்சல். ஐட்லிங்கில் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்னால் தள்ளுவது) கூட்டக் கூட்ட எஞ்சின் வேகமெடுக்கும், காதுக்கு இனிக்கும். அதே வண்டியை மேட்டில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்க்கட்டும், நாக்கிங் தெரியும், எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம்.

இன்றைக்கு எல்லார் மீதும் எரிச்சல்தான்.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணி போனை எடுக்கவில்லை. சாயங்காலம் "அப்புறம் பேசுகிறேன்" என்று மட்டும் அனுப்பியிருந்தார்.

மார்ச் 11, புதன்

தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். 3000 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் ஒரு மில்லி செகண்டில் 18 டிகிரி சுற்றிவிடும். கலவை ஒரே அடியாக வெடிப்பதில்லை, தீ பரவ அதற்கும் சில மில்லி செகண்ட் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பற்றவைக்கிறோம், வேகம் ஏற ஏற இன்னும் முன்னால். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்கும் இந்தக் கணக்கைத் தாமாகவே போட்டுக்கொள்கின்றன. எனக்குத்தான் பேப்பர் வேண்டியிருக்கிறது.

காலையில் புல்லியைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் வெடித்திருந்தது. வெளிவளையம் நழுவியிருந்தால் அதில் உள்ள குறியும் கூடவே நழுவியிருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளக் ஓட்டையில், பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுக்கும் பிஸ்டன் ஸ்டாப்பை முடுக்கி, கையால் மெதுவாகச் சுற்றினேன். பிஸ்டன் தட்டிய இடத்தில் புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றித் தட்டிய இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் நிஜமான உச்சி. பழைய குறி அங்கிருந்து 8 மி.மீ. தள்ளி இருந்தது. 150 மி.மீ. புல்லியில் ஒரு டிகிரி என்பது சுமார் 1.3 மி.மீ. ஆக, ஆறு டிகிரி. பத்து என்று நான் பார்த்ததெல்லாம் நாலு.

கோடு இவ்வளவு நாளாகச் சும்மா நின்று பொய் சொல்லியிருக்கிறது. ரிப்போர்ட்டும் மனிதர்கள் எழுதுவதுதானே.

மார்ச் 12, வியாழன்

புதுக் குறியில் பத்து. இழுவை வந்துவிட்டது. ஆனால் மேட்டில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், லேசாகக் கிணுகிணுக்கிறது. கையேடு அன்றைய பெட்ரோலுக்கு எழுதியது.

கிராங்க் இரண்டு சுற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. இரண்டு டிகிரி குறைக்க டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் பக்கமாக ஒரு டிகிரி திருப்பினால் போதும். திருப்பினோமா என்றே கண்ணுக்குத் தெரியாது. கிளாம்ப் போல்ட்டை முடுக்கும்போது அது இன்னொரு இழை நகர்கிறது. முடுக்கியபின் மறுபடி லைட் பிடித்தே தீர வேண்டும்.

எட்டு. மேட்டில் சத்தம் இல்லை.

அண்ணி பேசினார். அரை மணி நேரம்.

மார்ச் 14, சனி

எடைக்கட்டி ஸ்பிரிங்கைப் பார்த்தாயா என்று அண்ணன் கேட்கச் சொன்னானாம். பார்த்தேன். ஒன்று தொளதொளவென்றிருக்கிறது. இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் அது அப்படித்தான் இருக்க வேண்டும், பழுதில்லை. ஆனால் 3000-ல் லைட் பிடித்து அட்வான்ஸ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காமல் அவனுக்குப் பதில் சொல்ல முடியாது. பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.