பழைய மேக் வாங்கப் போகிறீர்களா? அழித்துக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்

பழைய மேக் மினி வாங்கப் போய் ஒரு கடைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸ் மூவாயிரமும் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. அது வரட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இனி தாராளமாக எழுதலாம்.

எனக்குத் திருப்பூரில் டிசைன் வேலை. டி-ஷர்ட் பிரிண்ட், ஹேங் டேக், சைஸ் லேபிள். இல்லஸ்ட்ரேட்டரும் போட்டோஷாப்பும்தான் சோறு போடுகின்றன. வைத்திருந்தது இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 சிப் உள்ள விண்டோஸ் பெட்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. 11-க்குப் போகலாம் என்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்து ஒத்துக்கொள்வதில்லை. எப்படியும் பெட்டியை மாற்றியாக வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர், போட்டோஷாப்புக்கான அடோபி சந்தா விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஒன்றுதான். சரி, இந்த முறை மேக் பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். திரையில்லாமல் குட்டிப் பெட்டியாக மட்டும் வரும் மேக் மினியில், ஆப்பிளின் சொந்த எம்4 சிப் போட்ட புது மாடல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 59,900. அதில் பாதிக்குள் பழையது ஒன்று கிடைத்தால் எடுப்பது, இல்லாவிட்டால் பேசாமல் இருப்பது.

முதலில் கண்ணில் பட்டது ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் இருந்த, திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கும் 27 இன்ச் ஐமேக், இன்டெல் சிப் போட்ட 2017 மாடல். அந்த 5கே திரையைப் பார்த்துவிட்டால் எழுந்து வர மனசு வராது. ஆனால் அந்த மாடலில் மேக்ஓஎஸ், வென்ச்சுரா என்ற பதிப்புக்கு மேல் ஏறாது. அடோபி ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் பழைய மேக்ஓஎஸ்களைக் கழற்றிவிட்டுக்கொண்டே வருகிறது. போதாக்குறைக்கு, டாஹோ என்ற மேக்ஓஎஸ்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே 2025 ஜூனில் சொல்லிவிட்டது. அந்த டாஹோவும் இன்டெல் ஐமேக்குகளில் 2020 மாடலுக்கு மட்டும்தான். 2018-இல் வந்த இன்டெல் மேக் மினிக்குக் கிடையாது.

“அப்புடிப் பழசாப் போனா திரையை மட்டும் மானிட்டரா வெச்சுக்கலாமுங்க” என்றார் ஸ்டுடியோக்காரர். அது முடியாது. கேபிளைச் செருகி ஐமேக்கை மானிட்டராக்கும் வசதி 2014 நடுவில் வந்த மாடல்களோடு போய்விட்டது. 5கே ஐமேக் எதிலும் இல்லை. உள்ளே இருந்ததும் ஃப்யூஷன் டிரைவ், அதாவது சுழலும் ஹார்டு டிஸ்க்கோடு கொஞ்சம் எஸ்எஸ்டி கலந்தது. போட்டோஷாப் திறப்பதற்குள் டீ ஆறிவிட்டது. நல்ல மனுஷர், அதனால் விலைகூடப் பேசாமல் கும்பிட்டுவிட்டு ரயிலேறினேன்.

ஆக, இன்டெல் வேண்டாம், ஆப்பிளின் எம்1 சிப் அல்லது அதற்குமேல். இதில் ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போது உள்ளதுதான் கடைசிவரை. விலைக்கு வருவதில் பெரும்பாலானவை 8 ஜிபி. பெரிய இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல் திறக்கிறவர்கள் 16-க்குக் காத்திருங்கள்.

கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் ஒரு மேக் மினியை ‘எம்1, 16 ஜிபி, 512’ என்று போட்டிருந்தார்கள். 29,000. கேட்க ஆள் நிறைய, மூவாயிரம் அனுப்பினால் எடுத்து வைக்கிறோம் என்றார்கள். பணம் அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் இரண்டு விஷயம் எழுதி வாங்கினேன்: சீரியல் நம்பர், அப்புறம் ‘எந்த லாக்கும் இல்லை, இருந்தால் அட்வான்ஸ் வாபஸ்’ என்று ஒரு வரி. சீரியல் நம்பரை ஆப்பிளின் கவரேஜ் பக்கத்தில் போட்டால் மாடலும் வாரண்டியும் தெரியும். பூட்டு இருக்கிறதா என்பது அதில் தெரியாது. பலர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டே திருப்தியாகிவிடுகிறார்கள்.

கடையில் மினி பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. சொன்ன ரேம், சொன்ன டிஸ்க், எல்லாம் சரி. “தம்பி, ஒருக்கா முழுசா அழிச்சுக் காட்டுங்க” என்றேன்.

“ஏற்கெனவே ஃப்ரெஷ்ஷாப் போட்டதுதானுங்ணா, திரும்ப எதுக்கு?”

“பரவால்ல, அழிங்க.”

“இங்க வைஃபை இல்லீங்ணா.”

கம்ப்யூட்டர் கடையில் வைஃபை இல்லை. நம்பிக்கொள்ள வேண்டியதுதான். என் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு நானே செட்டிங்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். தம்பி அதற்குள் ஓனருக்கு போன் போட்டார். மினி மறுபடி எழுந்து மொழி கேட்டது, நாடு கேட்டது, நெட் கேட்டது. நெட் கிடைத்ததுதான் தாமதம், ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு திரை. கீழே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர்.

“அது சும்மா வர்றதுங்ணா. பின்னாடி போயி நெட் இல்லாம செட்டப்ப முடிச்சுருங்க. அப்டேட் மட்டும் போட்டுறாதீங்க, ஒண்ணும் ஆவாது.”

ஆகும். கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் மேக்குகளின் சீரியல் நம்பர் ஆப்பிளிடம் அந்தக் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கும். எத்தனை முறை அழித்தாலும் நெட் வந்தவுடன் மேக் அங்கே விசாரித்து, ‘நான் இந்தக் கம்பெனியின் சொத்து’ என்று சொல்லிவிடும். கம்பெனியின் ஐடி ஆட்கள் தங்கள் கணக்கிலிருந்து விடுவித்தால் ஒழிய அது போகாது. நெட் இல்லாமல் நுழைவது, பழைய பதிப்பைப் போட்டு ஏமாற்றுவது எல்லாம் அடுத்த அப்டேட் வரைக்கும்தான். முறையாகக் கழித்து விற்றதா, வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காமல் விற்றதா என்றும் நமக்குத் தெரியாது. மீதிப் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அந்தத் திரையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் அட்வான்ஸுக்காக நடந்த கூத்து தனி. டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார், வேறு பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே ரீஃபண்ட் வழக்கமில்லை. ஓனர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடைசியில் அவர்கள் எழுதிக் கொடுத்த வரி, நான் எடுத்த போட்டோ இரண்டையும் சேர்த்து அனுப்பி, ‘தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன்’ என்று ஒரு வரி தட்டினேன். மறுபேச்சு இல்லை, ஜிபேயில் பணம் வந்தது. எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

கிடைத்தது பொள்ளாச்சியில். ஆப் எழுதும் ஒரு தம்பி, லேப்டாப்புக்கு மாறிவிட்டதால் விற்றார். அதே எம்1, 16 ஜிபி. தன் பெயரில் பில் வைத்திருந்தார். இந்த பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேக்கைப் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு கட்டிப்போடும் ஆக்டிவேஷன் லாக்கில் பின்னால் ஏதாவது சிக்கல் என்றால் ஆப்பிள் கேட்பது வாங்கியதற்கான ஆதாரத்தைத்தான். “அழிச்சுக் காட்டறேன் உக்காருங்ணா” என்று அவரே ஆரம்பித்ததும் பாதி நிம்மதி. ஆனால் அந்தப் பூட்டை எடுக்கத் தேவையான ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்கு மறந்துவிட்டது. மாற்றலாம் என்றால் ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம் உடுமலையில் அக்காவிடம். அக்கா வேலையில். அவர் போனை எடுக்கும்வரை அவங்கம்மா சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார், அதனால் பெரிதாகப் புகார் இல்லை. ஓடிபி வந்தது, அழித்தோம், என் ஹாட்ஸ்பாட்டில் எழுந்தது, எந்தக் கம்பெனியும் எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு 27,000-க்கு முடித்துக்கொண்டு பல்லடம் வழியாக வீடு வந்தேன்.

மாறிய பிறகு இடித்தவை சில. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருந்த என் வெளி ஹார்டு டிஸ்க்கை மேக் படிக்கிறது, எழுத மாட்டேன் என்கிறது. பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் காப்பி. தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99, அஞ்சல் இரண்டும் மேக்கிலேயே இருக்கின்றன, அதில் கவலையில்லை. டேலிக்கு மேக் பதிப்பு கிடையாது, எம் வரிசையில், மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொள்ளும் பூட்கேம்ப்பும் இல்லை. கணக்கு வேலைக்காகப் பழைய பெட்டி நெட் இல்லாமல் மூலையில் ஓடுகிறது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று மானிட்டர். என் 24 இன்ச் ஃபுல் எச்டியில் விண்டோஸில் கூர்மையாக இருந்த எழுத்தெல்லாம் மேக்கில் மங்கலாகத் தெரிகிறது. எழுத்தின் ஓரத்தை மெருகேற்றும் பழைய முறையை ஆப்பிள் 2018-இல் மொஜாவேயில் நிறுத்திவிட்டது. 4கே திரையில் இந்தத் தொல்லை இல்லை. பழைய மினிக்கு பட்ஜெட் போடும்போதே மானிட்டருக்கும் சேர்த்துப் போடுங்கள். எனக்கு அது அடுத்த பில் பாஸானதும்தான்.