ஏற்காட்டில் ஒரு காபி குடோனில் தங்கும் முன்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு ஏறியதும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பழைய ஓட்டுக்கூரை தெரிந்தால் அது பெரும்பாலும் காபி எஸ்டேட்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வேர்பிடித்தது.

வருகிறவர்கள் பங்களாவைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பின்கட்டுக்குப் போங்கள், அங்கேதான் எஸ்டேட்டின் உயிர். மேட்டில் பல்பர் கூடம். பறித்த பழம் அன்றைக்கே அங்கே தோலுரியும். ஒட்டினாற்போல் தொட்டிகள், கொட்டையின் வழவழப்பு புளித்துக் கழன்றதும் கழுவுவார்கள். அதற்குக் கீழே காயவைக்கும் களம், கடைசியில் குடோன். தண்ணீர் தானாக இறங்கிவர வேண்டுமென்றுதான் இந்தச் சரிவு.

தங்கும் அறையாக மாறுவது பெரும்பாலும் குடோன். காய்ந்த காபி ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து மணம் போய்விடும். அதனால் தரையைக் கருங்கல் மேடைமேல் உயர்த்தி, சுவரில் காற்றுத்துளை விட்டுக் கட்டுவார்கள். அறையாக்கும்போது குளிருக்கும் பூச்சிக்கும் பயந்து முதலில் அடைப்பது அந்தத் துளைகளைத்தான். பூச்சிக்குக் கம்பிவலை போதுமே!

அதைவிடப் பெரிய கேடு, சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசுவது. சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலால் தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்கும். கொத்தியெடுத்து ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூச வேண்டும். மெல்லிசாக இரண்டு தடவை. ஒரேயடியாகக் கனமாகப் பூசினால் வெடித்துவிடும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

கூரைக்கு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 மங்களூர் ஓடு பிடிக்கும். குரங்கு நகர்த்திய ஒரே ஓடு வழியாக ஒழுகி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான ரீப்பர் உளுத்துவிடும். ஆவணிக்குள் ஆள் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். மாற்று ஓடு அதே தொழிற்சாலை முத்திரை உள்ளதாக இருக்கட்டும். அளவு கொஞ்சம் மாறினாலும் ஒன்றோடொன்று கவ்வாது.

போவதானால் மார்கழி, தை. பறிப்பு நடக்கும் எஸ்டேட்டுகளில் அப்போது களம் நிறையக் காபி காயும். மாலைப் பனி இறங்குமுன் கொட்டையைக் குவித்து மூடுவதைப் பார்க்கலாம்.