அந்த ஒரு ‘ஆமாங்ணா’

சாயப்பட்டறை அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். “ஏனுங் தம்பி, இதப் போட்டா எம்பட பாய்லர் புகைக் கணக்கு கொறையுமுங்களா?”

“ஆமாங்ணா” என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அவர் கேட்டது, புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெத்தனால் என்ற எரிபொருளாக மாற்றும் எங்கள் சின்ன ரியாக்டரைப் பற்றி. அன்று காலைதான் அதில் மெத்தனால் ஒழுங்காக இறங்கியிருந்தது. 240 டிகிரி, 50 பார் அழுத்தம். செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா சேர்ந்த வினையூக்கி. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் சேரும்போது மெத்தனாலோடு தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீர் பட்டுப்பட்டுச் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வினையூக்கி சோர்ந்துவிடும். மூன்று மாதம் அதோடுதான் மல்லுக்கட்டினோம். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோது கேட்டார்.

கந்தகத்தைப் பற்றிச் சொன்னேன். நிலக்கரிப் புகையில் கந்தகம் இருக்கும், செம்புக்கு அது விஷம், முதலில் புகையைச் சுத்தம் பண்ணியாக வேண்டும் என்றேன். ஆக, எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஹைட்ரஜனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு கிலோ மெத்தனாலுக்கு ஏறக்குறைய 1.4 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 190 கிராம் ஹைட்ரஜனும் வேண்டும். அந்த 190 கிராமைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவே சுமார் 10 யூனிட் கரண்ட் ஆகும். நம் நாட்டு மின்கட்டமைப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அவர் புகைபோக்கியில் 1.4 கிலோவைப் பிடிக்க, மேட்டூர் அனல்மின் நிலையத்திலோ வேறெங்கோ 7 கிலோவை விட வேண்டும். அந்த மெத்தனாலை எரித்தால் பிடித்த 1.4 கிலோவும் திரும்பிப் போய்விடும்.

என் மனதில் இருந்தது பல்லடம், உடுமலைக் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வரும் கரண்ட் என்றால் கணக்கு சரியாகிவிடும். அதனால் நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஆடிக்காற்று தை மாதத்தில் வீசாது, பாய்லரோ வருடம் முழுக்க எரியும். இதுவும் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அவர் தன் பாய்லரைப் பற்றித்தானே கேட்டார், அதில் குறையும் என்பது உண்மைதானே என்று சில ராத்திரி தோன்றும். அப்புறம் அவர் ஏன் கேட்டார் என்பது நினைவுக்கு வரும். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் கரண்டும் உண்டு. கரண்ட் விஷயத்தைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேனா, நிஜமாகவே மறந்தேனா? இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் போன் பண்ணினார். ஷெட்டுக்கு மேற்கே இடம் ஒதுக்கிவிட்டாராம். “எத்தன அடிக்குங் தம்பி காங்கிரீட் போடோணும்?”

நேரில் வந்து சொல்கிறேனுங்ணா என்றேன். கணக்கைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை திருப்பி எழுதிவிட்டேன். 10 யூனிட் என்ற வரி இப்போதும் கந்தகத்துக்குக் கீழேதான் இருக்கிறது.