பக்கம் உதிராத ரஃப் நோட்டு: நாலாவது முயற்சி

ஒரு தாளை மட்டும் பிடித்து நோட்டைத் தூக்கி ஆட்டினேன். முழு நோட்டும் தொங்கியது, தாள் கழன்று வரவில்லை. மூன்று வாரப் பாடு!

தெருப் பிள்ளைகளிடமும் பக்கத்துப் பள்ளியிலும் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வாங்கிய பழைய நோட்டுகள் மூன்று கோணி. எழுதாத தாள்களைப் பிரித்து ரஃப் நோட்டு போட்டு, ஜூனில் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. பாதிக்குள் எழுதிய நோட்டு என்றால் கவலை இல்லை. நடுவில் இரட்டைத் தாளாகவே கிடைக்கும். ஆறாறாக மடித்துக் கோணூசியால் குத்தித் தைத்துவிடலாம். பாதியைத் தாண்டி எழுதிவிட்டால் மிச்சம் அத்தனையும் ஒற்றைத் தாள். அதன் ஜோடி முன்பக்கம் எழுதித் தீர்ந்த தாளாக இருக்கும். பக்கவாட்டில் தைத்தால் நோட்டு விரியாது, பிள்ளை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே எழுத வேண்டும். அதனால் பசைதான் வழி.

முதல் தடவை அடுக்கின் முதுகில் ஃபெவிகாலை அப்படியே பூசினேன். நாலே நாளில் முருங்கை இலை மாதிரி உதிர்ந்தது. அடுத்து, பசை உள்ளே இறங்கட்டும் என்று தண்ணீர் கலந்தேன். தாள் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம். மூன்றாவது மைதாப் பசை. பழைய பைண்டர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட், விஷம்) போடுவார்கள். பிள்ளைகள் கையில் போகும் நோட்டு என்பதால் நான் போடவில்லை. பூச்சி வரும்வரை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை, காய்ந்ததும் விறைத்து, விரித்ததும் முதுகு வெடித்தது.

இப்போது பிடித்துக்கொண்டது விசிறி முறை. முதுகு ஓரத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு பலகைக்கு நடுவே முதுகு மட்டும் இரண்டு விரற்கடை நீட்டியிருக்கும்படி இறுக்க வேண்டும். அடுக்கை ஒரு பக்கமாகச் சாய்த்தால் தாள்கள் விசிறி மாதிரி ஒன்றையொன்று மயிரிழை தாண்டி நிற்கும். அதன்மேல் கெட்டிப் பசை. பிறகு மறுபக்கம் சாய்த்து இன்னொரு தடவை. ஒவ்வொரு தாளும் அடுத்த தாளோடு இரண்டு பக்கமும் ஒட்டுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். நான் கூடுதலாக ஹேக்ஸா பிளேடால் முதுகில் ஐந்து கீறல் போட்டு, செருப்புத் தைக்கும் நூலைப் பசையில் தோய்த்து அதில் பதித்தேன். மேலே காலிகோ துணி.

காலிகோவுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெரு வரை போனேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே ஒன்றில் ஒரு மீட்டர் என்று வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் அளந்தால் 94 சென்டிமீட்டர். அடுத்த தடவை டேப்போடு போகிறேன்.

ஓரம் வெட்டித் தர பைண்டிங் கடைக்காரர் முதலில் மறுத்துவிட்டார். அடுக்குக்குள் ஒரு பின் கிடந்தாலும் அவருடைய கட்டிங் மெஷின் பிளேடு பல் விழும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாள் தாளாகத் தடவிக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டார். காந்தத்தில் ஏழு பின் ஒட்டியிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

எழுதித் தீர்ந்த தாள்களை என்ன செய்வது? ஊற வைத்து, வெந்தயத்தோடு அரைத்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பி, பாட்டி காகிதக்கூழ்க் கூடை செய்வார். அதைத்தான் அடுத்து செய்து பார்க்கப் போகிறேன். வெந்தயம் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டால், "கண்ணளவுதான்டா" என்கிறார்.

இதுவரை 28 நோட்டு தேறியிருக்கிறது, அட்டை போட்டது ஒன்பதுக்குத்தான். பழைய கல்யாணப் பத்திரிகைதான் அட்டை. பிள்ளையார் படத்தை வெட்டக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், அந்தப் பக்கம் உள்ளே வரும்படி ஒட்டுகிறேன். அந்த ஒன்பதும் இப்போது அம்மிக்கு அடியில் காய்கின்றன. காலையில் துவையல் அரைக்க அம்மி வேண்டுமாம்.