துதி நடனத்துக்கு முந்தின வாரங்கள்

சிங்கப்பூரில் எங்கள் சபை ஆராதனையில் பாட்டுக்கு ஆடிக் கடவுளைத் துதிக்கிற துதி நடனக் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் முதலில் கேட்பது டிரெஸ் என்ன கலர், பிராக்டிஸ் எத்தனை மணிக்கு முடியும் என்பதுதான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அக்கா, பிள்ளை உபவாசம் இருக்கணுமா?" என்பார்கள். ஆவிக்குரிய ஆயத்தம் என்றாலே உபவாசம், முழு இரவு ஜெபம் என்றுதான் நமக்கு மனசு போகிறது. அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இத்தனை வருஷம் குழுவோடு இருந்து பார்த்ததில், ஒரு வேளை பட்டினி கிடப்பது சுலபம், பக்கத்தில் ஆடுகிறவளோடு பேசிச் சமாதானம் ஆவதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

துதி நடனம் என்றால் எல்லாரும் எடுக்கும் வசனம் 2 சாமுவேல் 6:14. தாவீது ராஜா சணல்நூல் ஏபோத்தை, அதாவது ஆசாரியர் போடும் மேலுடுப்பைத் தரித்துக்கொண்டு தன் முழுப் பலத்தோடும் ஆடினான். சரி, அதற்கு முன்னால் நடந்ததை யார் வாசிக்கிறார்கள்? கடவுளின் உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர அவர்கள் ஏற்கனவே ஒரு தடவை புறப்பட்டார்கள், அன்றைக்கும் சுரமண்டலம், தம்புரு, கைத்தாளம் எல்லாம் இருந்தது, அன்றைக்கும் முழுப் பலத்தோடுதான் ஆடிப் பாடினார்கள் என்று 1 நாளாகமம் 13 சொல்கிறது. உற்சாகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் தோளில் சுமக்க வேண்டிய பெட்டியைப் புது வண்டியில் ஏற்றிவிட்டார்கள், மாடுகள் இடறின, கை நீட்டிப் பெட்டியைப் பிடித்த ஊசா என்பவன் செத்துப் போனான். பெட்டி மூன்று மாதம் ஓபேத்ஏதோம் என்பவன் வீட்டில் இருந்தது. இரண்டாம் தடவை தாவீது செய்தது என்ன என்று அதே புத்தகம் 15ஆம் அதிகாரத்தில் பாருங்கள்: ஆசாரியரையும் லேவியரையும் கூப்பிட்டு, முதலில் உங்களைப் பரிசுத்தம் பண்ணிக்கொள்ளுங்கள் என்கிறான், போன தடவை நாம் கர்த்தரை முறைப்படி தேடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறான். ராஜாவும் அவனே, உற்சாகமும் அதேதான். நடுவில் அந்த மூன்று மாதம் இருந்தது. நாம் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று மாதத்தை விட்டுவிடுகிறோம்.

பரிசுத்தம் பண்ணிக்கொண்டவர்கள் பெட்டியைச் சுமந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். அதனால் பாட்டைப் பிளே பண்ணுகிற தம்பி, தேக்கா கடைகளில் துணி எடுத்துத் தைத்துக் கொடுக்கிற ஆன்ட்டி எல்லாரும் எங்கள் ஜெபத்தில் உட்கார வேண்டும். ஆர்மியில் இருக்கிற பையன்கள் வாரக் கடைசியில் புக் அவுட் ஆகி, அதாவது லீவில் முகாமை விட்டு வெளியே வந்து, பேகோடு நேராக வந்து சேருவார்கள். பாதித் தூக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, வந்து உட்காரட்டும்.

சமாதானம் விஷயத்துக்கு வருகிறேன். நடனக் குழுவில் சண்டை எங்கே ஆரம்பிக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்: முன் வரிசை யாருக்கு என்பதில். அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருத்தி "ஓகே" என்று மட்டும் போட்டது, அதை இன்னொருத்தி வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பேசாமல் இருக்கிற இரண்டு பேர் ஆடும்போது குறுக்கே கடந்து போகிற இடத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள், சபைக்குத் தெரியாவிட்டாலும் குழுவுக்குத் தெரியும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இயேசு சொன்னது எங்களுக்கு நேரடியாகவே பொருந்துகிறது, எங்கள் காணிக்கை நடனம், அவ்வளவுதான். எனவே ஆராதனைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பிராக்டிஸைச் சீக்கிரம் முடித்துவிட்டு, யாருக்கு யாரிடம் பேச வேண்டுமோ பேசுங்கள் என்று காப்பிக் கடைக்கு அனுப்பிவிடுவேன். மைலோவும் காயா ரொட்டியும் என் செலவு. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து பாவ அறிக்கை செய்யச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, எனக்கு அதில் சம்மதம் இல்லை. பதினைந்து வயசுப் பிள்ளை கூட்டத்துக்கு நடுவே சொல்வதில் பாதி பயத்தில் வருவது, மீதி அடுத்த நாள் ஸ்கூலில் பரவுவது. பேசியும் சமாதானமாகாதவர்கள் இருந்தால், அவர்களில் யாரையும் மேடையிலிருந்து எடுக்க மாட்டேன், பாஸ்டரம்மாவிடம் அனுப்புவேன்.

அடுத்தது பாட்டு. இங்கே வளரும் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள், நிறையப் பேருக்குப் பாட்டு வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இசை கேட்டவுடன் உடம்பு ஆடிவிடும், வாய் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே ஒரு பிராக்டிஸ் முழுவதும் இசையும் இல்லை, ஸ்டெப்பும் இல்லை. ஆளுக்கு ஒரு வரி சத்தமாக வாசித்து, அதைத் தன் சொந்த வாக்கியத்தில் கடவுளிடம் சொல்ல வேண்டும். இங்கிலீஷ், சிங்லீஷ், எதுவும் ஓகே. "என் சித்தம் அல்ல, உம்முடைய சித்தமே" என்கிற பொருளில் வந்த ஒரு வரிக்கு, ஓ லெவல் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருந்த ஒரு பெண் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "இதை இப்போ சொல்ல முடியாது அக்கா" என்றாள். அன்றைக்கு நாங்கள் அவளுக்காக ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

உபவாசம் பற்றிக் கேட்டீர்களே. ஆடுகிற நாளில் வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில், உள்ளே இரண்டு அடுக்கு உடுப்போடு, வெறும் வயிற்றில் சுற்றினால் கண் இருட்டும், அப்புறம் ஆவியில் விழுந்தாளா மயங்கி விழுந்தாளா என்று சபையே குழம்பும். வாரத்தில் ஒரு நாள் மதிய உணவை விட விரும்பும் பெரியவர்கள் விடலாம், சர்க்கரை இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பிள்ளைகளுக்கு நான் சொல்வது போனை விடச் சொல்லித்தான். ஆராதனைக்கு முந்தின வாரம் நடன வீடியோ பார்க்கக் கூடாது, நம் பிராக்டிஸ் வீடியோவும்கூட. சனிக்கிழமை ராத்திரி புரோட்டாக் கடையில் ஒரு மணி வரைக்கும் உட்காராமல் தூங்கச் சொல்வதும் ஆவிக்குரிய ஆலோசனைதான். சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று ரோமர் 12 சொல்கிறது, கொட்டாவி விடுகிற பலியை யாரிடம் ஒப்புக்கொடுப்பது?

பரதநாட்டியம் கற்ற பிள்ளைகள் குழுவில் இருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: அந்த முத்திரைகளை ஆலயத்தில் பிடிக்கலாமா? மூத்தவர்கள் சிலருக்கு அது உறுத்துகிறது, அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன், முன்கூட்டியே போய் அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதும் ஆயத்தத்தில் சேர்த்திதான். ஆனால் கத்தோலிக்கக் குருவாக இருந்த பிரான்சிஸ் பார்போசா என்பவரே பரதம் கற்று, கிறிஸ்தவ நம்பிக்கைக்கென்று தனியாகக் கை முத்திரைகளை உருவாக்கி ஆடியிருக்கிறார். திருச்சியில் கத்தோலிக்கர்கள் நடத்தும் கலைக்காவிரிக் கல்லூரியில் பரதம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. கை எந்த மரபிலிருந்து வந்தது என்பதைவிட, அந்த வரியில் அந்தக் கை யாரை நோக்கிப் போகிறது என்று ஆடுகிறவளுக்குத் தெரிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

கடைசியாக ஒரு விஷயத்தில் நான் ரொம்பக் கறார். ஆடி முடித்தவுடன் குழு மொத்தமும் பின்பக்கம் போய் போட்டோ எடுத்துக்கொண்டு, பிரசங்கம் பாதி முடிந்த பிறகு உள்ளே வருவது பல சபைகளில் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் வேர்த்த உடுப்போடு அப்படியே வந்து முன் இருக்கையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க வேண்டும், திருவிருந்து இருந்தால் எல்லாரோடும் எடுக்க வேண்டும். ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் முன்னமே இருக்கைக்குக் கீழே வைத்துவிடுவோம். போட்டோ ஆசீர்வாதத்துக்கு அப்புறம்தான். கண் மை கலைந்திருந்தால் கலைந்த முகத்தோடுதான் எடுக்க வேண்டும், இதற்கு அம்மாக்கள் என்னைத் திட்டுவது எனக்குத் தெரியும்.