ஒரே நாளில் நின்றுபோன ஒலிப்பதிவு

1967 ஜனவரி 24 அன்று அலபாமா மாநிலத்தின் மசில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டுடியோவில் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் பியானோ முன் உட்கார்ந்தார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பாடியும் பெரிய வெற்றி கிட்டாமல், அட்லாண்டிக் நிறுவனத்துக்கு அப்போதுதான் மாறியிருந்தார். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் ஸ்டுடியோவை ஒரு வாரத்துக்குப் பேசிவைத்திருந்தார். வேலை முதல் நாளோடு நின்றது. கையில் மிஞ்சியவை ஒரு முழுப் பாட்டும் ஓர் அரைப் பாட்டும். ஆனாலும் மார்ச் 10-ஆம் தேதி, பதினொரு பாட்டுகளோடு 'ஐ நெவர் லவ்ட் எ மேன் தி வே ஐ லவ் யூ' ஆல்பம் வெளியாகிவிட்டது. கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த சோல் இசையின் உச்சங்களில் ஒன்று அது. அந்த ஒன்றரை மாதத்தில் நடந்தவை, பாதியில் நின்ற வேலையைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும்.

ஏன் நின்றது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். ட்ரம்பெட், சாக்ஸபோன் போன்ற ஊதுகருவிகளை வாசிக்கும் ஹார்ன் குழுவில் கறுப்பினக் கலைஞர்களும் இருக்க வேண்டும் என்று வெக்ஸ்லர் கேட்டிருந்தார். வந்து நின்றதோ முழுக்க வெள்ளையர் குழு. அறுபதுகளின் அலபாமாவில் இது சின்ன விஷயமே அல்ல. வெளியாட்களை வரவழைக்கும் எந்த வேலையிலும், வருபவர்கள் யார் யார் என்று முந்தின நாளே பெயர் பெயராகக் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். "சொல்லிவிட்டோமே" என்ற நினைப்புதான் இங்கே காலை வாரிவிடுகிறது. வேலைக்கு நடுவே குடியும் சேர்ந்தது. அரீத்தாவின் கணவருக்கும் ஹார்ன் குழுவில் ஒருவருக்கும் வாய்த்தகராறு மூண்டது. ஸ்டுடியோ உரிமையாளர் ரிக் ஹால் அன்றிரவே, குடித்த நிலையில், சமாதானம் பேச ஹோட்டலுக்குப் போனார். அது கைகலப்பில் முடிந்தது. நல்லெண்ணத்தோடுதான் போனார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சூடு ஆறாத இரவில் பேசப் போவதைவிட, காலையில் இரு தரப்புக்கும் வேண்டிய மூன்றாம் ஆள் ஒருவரை அனுப்புவது மேல்.

இனி அந்த அரைப் பாட்டு. 'டூ ரைட் உமன், டூ ரைட் மேன்' பாட்டுக்கு டிரம்ஸ், பாஸ், ரிதம் கிட்டார் என அடித்தளம் மட்டும்தான் ஒலிநாடாவில் இருந்தது. இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. அட்லாண்டிக் அதைச் செய்யவில்லை. பிப்ரவரியில் நியூயார்க் ஸ்டுடியோவில் அதே நாடாவின் மேல் அரீத்தா பியானோவை ஏற்றினார், பிறகு ஆர்கனை ஏற்றினார். சகோதரிகளோடு சேர்ந்து பின்னணிக் குரல்களைப் பாடி, கடைசியில் தன் குரலைப் பதிந்தார். இந்த வரிசையில் காரணம் இருக்கிறது. பியானோ வந்த பிறகுதான் அடித்தளத்துக்கும் குரலுக்கும் இடையிலான சுரங்கள் நிலைபெறும். மேலே நிற்க வேண்டியது கடைசியில் வருகிறது.

அலுவலகத்தில் இதையே செய்ய முடியும். வேலை நின்ற அன்றே கையில் உள்ளதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: முடிந்தது, அடித்தளம் மட்டும் உள்ளது, தொடங்கவே இல்லை. அடித்தளம் உள்ள ஒவ்வொன்றின் மேலும், எது சரியாக இருக்கிறது, எது இல்லை என்று இரண்டு வரி எழுதி ஒட்டிவிட வேண்டும். இந்த இரண்டு வரி இல்லாததால்தான் அடுத்து வருபவர் நல்ல பகுதியையும் பிரித்துப் போடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

முடிந்த ஒரு பாட்டை, அதாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை, வெக்ஸ்லர் பூட்டிவைக்கவில்லை. பிரதி எடுத்து வானொலி அறிவிப்பாளர்களுக்கு அனுப்பினார். வரவேற்பு பிரமாதம். ஆனால் இசைத்தட்டின் மறுபக்கத்துக்குப் பாட்டு இல்லாததால் விற்க முடியவில்லை. அவசரப்பட்டார் என்று சொல்லலாம். போகும் திசை சரிதான் என்பதற்கு அந்த நேரத்தில் வேறு சான்றே இல்லை என்பதால், அந்த அவசரம் தேவையாகவே படுகிறது. ஒன்று மட்டும்: முடிந்த துண்டை வெளியே காட்டும் முன், அது வாங்குபவர் கைக்குப் போக இன்னும் என்னென்ன வேண்டும் என்று எண்ணிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய முடிவு, ஊரை விட்டுவிட்டு ஆட்களை எடுத்துக்கொண்டது. முதல் பாட்டுக்குப் பிடி கிடைக்காமல் எல்லோரும் திணறியபோது வழி திறந்தது ஸ்பூனர் ஓல்ட்ஹாம் மின்பியானோவில் வாசித்த ஒரு சிறு துணுக்கு. அந்த ஓல்ட்ஹாமும் டிரம்ஸ் வாசித்த ரோஜர் ஹாக்கின்ஸும் தோழர்களும் நியூயார்க்குக்கு வரவழைக்கப்பட்டார்கள். ஒரு திட்டம் சிதறும்போது, அதில் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது எது என்று கேட்டால், இடமோ தேதியோ பதிலாக வருவது அபூர்வம்.

பிப்ரவரி 14-இல் அதே ஆல்பத்துக்கான 'ரெஸ்பெக்ட்' பாட்டு பதிவானது. அதைப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1965-இல் பாடிய வடிவத்தில் நடுவே திருப்பம் தரும் பகுதி இல்லை. புதிதாக எழுதிக்கொண்டிருக்காமல், சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் இணையின் வேறொரு பாட்டிலிருந்து சுர அடுக்கை எடுத்து, அதன் மேல் கிங் கர்ட்டிஸை சாக்ஸபோன் வாசிக்கவைத்து இடைவெளியை நிரப்பினார்கள். ஜூனில் அந்தப் பாட்டு அமெரிக்கப் பாப் பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது.