ஈர மரத்தில் ஒரு பிக்னிக் மேசை

பிக்னிக் மேசைக்கான வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடுவில் மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, சாய்ந்த கால்கள் எல்லாவற்றையும் ஒரே உடம்பாகப் பிடித்திருக்கும். அமெரிக்கப் பூங்காக்களில் எங்கே போனாலும் கண்ணில் படுகிற அதே மேசைதான். வட கரோலினாவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். சாயங்காலக் காபிக்கு எல்லோரும் வெளியே உட்கார மடக்கு நாற்காலிகள் போதவில்லை.

மரம் வாங்குவதற்கு முன்னால் வரைபடங்களோடுதான் அதிக நேரம் போனது. வெட்டுப் பட்டியல், கருவிப் பட்டியல், அழகான முப்பரிமாணப் படம் எல்லாம் எல்லாவற்றிலும் இருந்தன. நான் தேடியது ஒரே ஒரு அளவைத்தான்: தரையில் கால்கள் எவ்வளவு அகலத்துக்கு விரிகின்றன? ஒரு பக்கப் பெஞ்சில் மட்டும் இரண்டு பேர் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால், மேசை தட்டோடும் காபியோடும் அவர்கள் மேல் சாயுமா சாயாதா என்பதை முடிவு செய்வது அந்த அகலம்தான். பாரம் இறங்குகிற இடம், அதாவது பெஞ்சின் நடு, கால் தரையைத் தொடும் வெளிமுனைக்கு உள்ளே இருந்தால் பயமில்லை. நான் பார்த்த ஒரு வரைபடத்தில் பெஞ்சுகளின் வெளியோரங்களுக்கு நடுவே 60 அங்குலம், கால்களுக்கோ 44தான். கணக்குப் போட்டால் பெஞ்சின் நடு, கால் முனைக்கு 2 அங்குலத்துக்கும் மேலே வெளியே போகிறது. படம் மிக நேர்த்தி. செய்து வைத்தால், ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்காரும்போது கவிழாமல் பிடிப்பது மேசையின் சொந்தப் பாரம் மட்டுமே. கடைசியில் எடுத்துக்கொண்ட வரைபடத்தில் பெஞ்சுக்கு 60, காலுக்கு 56. கால்கள் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு. மேசை உயரம் 29 அங்குலம், பெஞ்சு உயரம் 17.

அடுத்தது மரம். இங்கே கடையில் 'டூ பை சிக்ஸ்' என்று கேட்டால் கிடைக்கிற பலகை 2 அங்குலத் தடிமனும் 6 அங்குல அகலமும் இருக்காது. காய்ந்து இழைத்த பிறகு நிற்கும் அளவு ஒன்றரைக்கு ஐந்தரை. ஊரில் கன அடி கணக்கில் மரம் வாங்கிப் பழகிய அப்பாவுக்கு இது பச்சைத் திருட்டு. “பில்லுல ஒரு அளவு, கையில ஒரு அளவா?” என்று கடையிலேயே கேட்டார். நல்ல வரைபடங்கள் இந்த உண்மை அளவை வைத்தே போடப்பட்டிருக்கும். ஆனாலும் பயன்படுத்தும் முன் ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மேசைப் பரப்புக்கு 5 பலகை என்றால் 27½ அங்குலம், இடைவெளி தனி.

எல்லாப் பாகங்களையும் 6 அடித் துண்டுகளாக நினைத்துக் கணக்குப் போட்டேன். மேசைக்கு 5, பெஞ்சுகளுக்கு 4, இரண்டு பக்கப் பெஞ்சுகளையும் குறுக்கே தாங்கும் 60 அங்குலக் கட்டைகளுக்கு 2, கால்களுக்கு 2 (ஒரு துண்டில் இரண்டு கால் வரும்). மொத்தம் 13. பன்னிரண்டு அடிப் பலகை 7 வாங்கிக் கடையிலேயே நடுவில் வெட்டித் தரச் சொன்னால் 14 துண்டு, காரிலும் அடங்கும். மேசைக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டங்களுக்கும் மூலைவிட்டத் தாங்கிகளுக்கும் 8 அடி 'டூ பை ஃபோர்' இரண்டு போதும்.

கடையில் அவசரப்படக் கூடாது. ஒவ்வொரு பலகையையும் ஒரு முனையில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஓரத்தோடு நீளப் பார்த்தேன். வில்லாக வளைந்தது, முறுக்கிக்கொண்டது, நடுவில் பள்ளம் விழுந்தது எல்லாம் திரும்ப அடுக்குக்கே போயின. லேசான வளைவை ஸ்க்ரூ போட்டு இழுத்து நேராக்கிவிடலாம். முறுக்கு விழுந்ததை ஒன்றும் செய்ய முடியாது. கலைத்துப் போட்ட அடுக்கைத் திரும்பச் சரியாக அடுக்கி வைத்துவிட்டால் கடைக்காரர்களும் முறைக்க மாட்டார்கள்.

வாங்கியது சதர்ன் யெல்லோ பைன், மருந்தேற்றிய மரம். மழையிலும் மண் ஈரத்திலும் கரையானும் பூஞ்சையும் பிடிக்காதிருக்க, செம்பு கலந்த கரைசலை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் லேசாகப் பச்சை தட்டும். 2003 முடியும் வரை வீட்டு உபயோக மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்துதான் வழக்கம். பிறகு அது கைவிடப்பட்டது. பழைய மரத்தளம் எதையாவது பிரித்து மேசை செய்ய நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய மருந்துக்கும் ஒரு குணம் உண்டு: செம்பு அதிகம் என்பதால் சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். போல்ட்டும் நட்டும் துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். பளபளவென்று மெல்லிய பூச்சோடு மலிவாகக் கிடைப்பது இதற்கு ஆகாது.

பலகைகளைக் கராஜில் இறக்கியதும் அப்பா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். முனையைத் தடவினார்.

“ஏல, இது பச்ச மரம்லா! இதுல எவனாவது மேசை செய்வானா?”

அவர் சொன்னது சரிதான். மருந்தேற்றிய மரம் பெரும்பாலும் நீர் சொட்டாத குறையாகத்தான் கடைக்கு வருகிறது. உலர்த்தி விற்பதும் உண்டு, விலை கூட, எல்லாக் கடையிலும் இருக்காது. வரைபடம் இதைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. ஆனால் அதில் இருந்த இரண்டு அளவுகளை இந்த ஈரத்துக்காகவே நான் மாற்ற வேண்டியிருந்தது.

முதலாவது, பலகைகளுக்கு நடுவே விட வேண்டிய சந்து. வரைபடம் கால் அங்குலம் என்றது. காய்ந்த மரத்துக்கு அது சரி. ஈரப் பலகை காய்ந்தால் நீளத்தில் குறையாது, அகலத்தில்தான் சுருங்கும். கால் அங்குலத்தில் பூட்டினால் கோடை முடிவதற்குள் ஸ்பூன் விழுகிற சந்தாகிவிடும். அதனால் எட்டில் ஒரு அங்குலம்தான் விட்டேன். ஒரு பெரிய ஆணியை நடுவில் செருகி அளவு பிடித்தேன்.

இரண்டாவது, எந்த முகம் மேலே. இதில் ஆளுக்கொரு கட்சி உண்டு. என் கட்சி இது: பலகையின் வெட்டுமுனையில் வளையங்கள் தெரியும். மரம் காயும்போது அந்த வளையங்கள் நிமிரப் பார்க்கும். பட்டைப் பக்கம் மேலே இருந்தால் பலகையின் ஓரங்கள் எழும்பி நடுவில் குழி விழும், மழைத்தண்ணீர் தேங்கும். பட்டைப் பக்கத்தைக் கீழே வைத்தால், அதாவது வளையங்கள் கிண்ணம் போல் தெரியும்படி வைத்தால், நடு லேசாக உயர்ந்து தண்ணீர் வழிந்துவிடும். இது ஈர மரத்துக்கான கணக்கு. முன்பே காய்ந்த பலகை வெளியில் ஈரம் குடித்துத் திரும்பினால் கணக்கும் தலைகீழாகும். அப்பா எல்லாப் பலகைகளின் முனையையும் பார்த்துச் சாக்கட்டியால் குறி போட்டுவிட்டார். அந்த வேலையை நான் கேட்டு அவர் செய்யவில்லை.

வெட்டுவது எதிர்பார்த்ததைவிட எளிது. கால்களின் இரண்டு முனையும் ஒரே பக்கம் சாய்ந்த 30 டிகிரி, ஒன்றுக்கொன்று இணை. அதனால் இடதுகால் வலதுகால் என்ற பேதமே இல்லை. புரட்டிப் போட்டால் மற்றதாகிவிடும். மூலைமட்டத்தால் கோடு போட்டு, மின்சார வட்ட ரம்பத்தின் அடித்தட்டைச் சாய்க்காமல் சுழி டிகிரியிலேயே வைத்துக் கோட்டோடு போனால் போதும். முதல் காலை மட்டும் அளந்து வெட்டினேன், மற்ற மூன்றுக்கும் அந்த முதல் காலே அச்சு. இரண்டாவதை வைத்து மூன்றாவது, மூன்றாவதை வைத்து நான்காவது என்று போனால் பென்சில் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போய் மேசை நொண்டும். முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை.

வெட்டிய முனைகளில் மருந்து ஏறாத உள்மரம் தெரியும். முக்கியமாகத் தரையைத் தொடும் நான்கு பாதங்களிலும். அங்கே காப்பர் நாஃப்தனேட் என்ற செம்பு கலந்த மர மருந்தைப் பூசினேன். நாற்றம் தாங்காது, கராஜ் கதவைத் திறந்து வைத்துப் பூச வேண்டும்.

பிறகு சட்டம். இரண்டு கால், மேலே ஒரு குறுக்குச் சட்டம், நடுவில் பெஞ்சைத் தாங்கும் கட்டை. கராஜ் தரையில் படுக்கப் போட்டு, இணைகிற இரண்டு கட்டையையும் கிளாம்ப் போட்டு இறுக்கிச் சேர்த்தே துளை போட்டேன். தனித்தனியாகப் போட்டால் துளைகள் நேருக்கு நேர் வராது. எட்டில் மூன்று அங்குலக் கனமும் 3½ நீளமும் உள்ள கேரியேஜ் போல்ட், ஒரு இணைப்புக்கு இரண்டு, மொத்தம் 16. தலைக்குக் கீழே சதுரமாக ஒரு கழுத்து இருக்கும், சுத்தியலால் தட்டினால் மரத்தைக் கவ்விக்கொள்ளும். வாஷர் நட்டுப் பக்கம் மட்டும்தான். இரண்டாவது சட்டத்தை முதலாவதன் மேலேயே வைத்துக் கட்டினேன், அச்சு அசலாக வந்தது.

மேசைப் பலகைகளைக் கவிழ்த்துப் பரப்பி, சட்டங்களை நிறுத்தி, இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளம் வருகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ. இந்த இடத்தில் வரைபடத்தை இன்னொரு தடவை மீறினேன். சட்டம் மேசை முனையிலிருந்து 10 அங்குலம் உள்ளே என்று அதில் இருந்தது. நான் 14 வைத்தேன். காரணம் அம்மாவின் முழங்கால். இந்த மேசையில் உட்கார வேண்டுமானால் காலைத் தூக்கிப் பெஞ்சைத் தாண்டிப் போட வேண்டும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு, எழுபதை நெருங்குகிறவர்களுக்குத் தண்டனை. முனையில் 14 அங்குலம் காலி இருந்தால் சாதாரண நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டி இடிக்காமல் உட்காரலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முதலிலேயே யோசித்துவிடுங்கள். மேசை எழுந்து நின்ற பிறகு சட்டத்தை நகர்த்துவது பெரும்பாடு.

ஈர மரத்தின் பாரம் சாமானியமில்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கத் தாத்தா, அவர் மருமகன், நான், மச்சான் என்று நாலு பேர் சேர்ந்துதான் நிமிர்த்தித் தூக்கிப் போனோம். இந்தப் பகுதியின் செம்மண் களிமண், மழை பெய்தால் நாள்கணக்கில் ஈரம் வற்றாது. பாதங்களுக்கு அடியில் நான்கு சிமெண்டுக் கற்களைப் பதித்து, ரசமட்டம் வைத்துச் சரி செய்து நிறுத்தினோம்.

வண்ணம் உடனே பூசவில்லை. ஈர மரம் எண்ணெய் வண்ணத்தைக் குடிக்காது. அவ்வப்போது பலகையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால் இன்னும் காயவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டால் பூசலாம். செப்டம்பர் கடைசியில்தான் இழுத்தது. வசந்தத்தில் பூசாமல் விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. இங்கே மார்ச் முடிவிலும் ஏப்ரலிலும் பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாக எல்லாவற்றின் மேலும் படியும். ஈர வண்ணத்தில் அது ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத்தான் எடுக்க வேண்டும். காய்ந்த மரம் தடிமனிலும் கொஞ்சம் சுருங்கியிருந்தது, எல்லா நட்டும் லேசாகத் தளர்ந்திருந்தன. வண்ணத்துக்கு முன் அவற்றையும் முறுக்கினேன். சந்துகள் இப்போது வரைபடம் கேட்ட கால் அங்குலத்துக்குக் கிட்ட வந்துவிட்டன.

மிச்சத் துண்டுகளை எரிக்கக் கூடாது, புகையும் சாம்பலும் நஞ்சு. எங்கள் ஊரில் குப்பையில் போட அனுமதி உண்டு, போட்டுவிட்டேன். அந்தப் பதினான்காவது 6 அடிப் பலகை மட்டும் மீதி நிற்கிறது. அதில் அளவாக வெட்டிச் சப்பாத்திப் பலகை ஒன்று செய்து கொடு என்று அம்மா கேட்டார். மருந்தேற்றிய மரத்தில் மாவு தேய்க்கக் கூடாது, காய் நறுக்கக் கூடாது, சாப்பாடும் தட்டில் வைத்துத்தான் என்று விளக்கினேன். கூழ் வற்றலை நேரே மேசையில் பிழிய நினைத்திருந்தவருக்கு இது ரசிக்கவில்லை. அடியில் பிளாஸ்டிக் விரித்து, மேலே வேட்டி விரித்துத்தான் பிழிகிறார். “இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சே, அப்படியே ஒரு நல்ல மரமா வாங்கியிருக்கக் கூடாதா?” என்கிறார். மருந்தில்லாமலே மழை தாங்கும் செடார் மரத்தின் விலையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.